காசநோயாளியின் வீட்டுக்கு உணவு

காசநோய்க்கு மருந்தென்று ஒன்றும் இல்லாதிருந்த 19-ஆம் நூற்றாண்டில், லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையின் வைத்தியர்கள் மெலிந்து வந்த க்ஷயரோகிகளுக்குக் காட் மீன் எண்ணெயைப் புகட்டினார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் லேசான் என்னும் மலையூரில் டாக்டர் ரோலியே நோயாளிகளை வெயிலில் படுக்கவைத்துச் சிகிச்சை செய்தார். அந்த எண்ணெயில் நிறைந்திருப்பதும் வெயில் பட்ட தோலில் விளைவதும் வைட்டமின் டி என்ற ஒரே சத்துதான் என்பது பின்னால் தெரியவந்தபோது, அதற்கும் காசநோய்க்கும் சம்பந்தம் உண்டு என்ற எண்ணம் வைத்திய உலகில் வேரூன்றியது.

அந்தச் சம்பந்தம் இன்னதென்பதை 2006-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் புலப்படுத்தினார்கள். மூச்சோடு நுரையீரலை அடையும் காசக் கிருமியை முதலில் எதிர்கொள்வன பெருவிழுங்கிகள் என்ற நோய்க்காப்பு அணுக்கள். கிருமியின் கொழுப்புப் புரதத்தை அவை உணர்ந்த மாத்திரத்தில், வைட்டமின் டி-யைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அவற்றினுள் பெருகுகின்றன. இரத்தத்தில் உலவும் அச்சத்தின் முதிராத வடிவத்தை வீரியமுள்ளதாக மாற்றும் நொதியையும் அவை தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. இவ்விரண்டும் கூடிய பிறகே கேதலிசிடின் என்ற சிறு புரதம் பிறந்து, அணுவுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. இச்சத்துக் குறைந்தவர்களின் இரத்தச் சீரத்தில் வைத்த அணுக்கள் கேதலிசிடினைச் சரிவர உண்டாக்கவில்லை என்பதும், அந்தச் சீரத்தில் குறையை நிரப்பியதும் உண்டாக்கின என்பதுமே அந்த ஆராய்ச்சியின் சிகரம்.

இத்தனை தெளிவான ஆதாரம் கிடைத்தபின், மாத்திரை கொடுத்தால் நோய் விலகும் என்று எதிர்பார்த்தது இயல்பே. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மெய்யானது மனித உடலில் அதே அளவில் பலித்தாக வேண்டும் என்ற நியதி இல்லை. வழக்கமான மருந்துகளோடு வைட்டமின் டி-யையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த லண்டன் பரிசோதனை 2011-லும், இந்திய நோயாளிகளிடையே நடந்த பரிசோதனை 2015-லும் வெளியாயின. சளியிலிருந்து கிருமி மறையும் காலம் இரண்டிலும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மங்கோலியாவின் உலான்பாட்டரில் 8,851 பள்ளிச் சிறுவர்களுள் ஒரு பாதியினருக்கு வாரந்தோறும் 14,000 யூனிட் வீதம் 3 ஆண்டுகள் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தொடக்கத்தில் இச்சத்துக் குறைந்தவர்கள்; மாத்திரையால் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்தது. எனினும், 2020-ல் வெளிவந்த முடிவின்படி, காசக் கிருமி தொற்றியோர் மாத்திரை உண்டவர்களில் 3.6 சதவீதம், உண்ணாதவர்களில் 3.3 சதவீதம்.

ஆகவே, எலும்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ வைத்தியர் தேவையென்று கண்டாலன்றி, காசநோயாளியிடம் வைட்டமின் டி பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் பணம் செலவழிக்கச் சொல்வது தகாது என்பது நமது திடமான அபிப்பிராயம். நோயுற்ற திசுவிலுள்ள பெருவிழுங்கிகள் சிலரிடம் இச்சத்தை அளவுமீறி வீரியமாக்கி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திவிடுவதும் உண்டு என்பதால், தானே வாங்கி விழுங்குவதில் அபாயமும் இருக்கிறது.

அப்படியானால் ஊட்டத்துக்கு இந்நோயில் இடமே இல்லையா? இவ்விடத்தில் சென்னையின் பழைய ஆராய்ச்சி ஒன்றை நினைவுகூர வேண்டும். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நல்ல உணவும் ஓய்வும் கிடைத்த சானடோரியம் நோயாளிகளையும், வறிய வீட்டிலேயே இருந்து மருந்துண்ட நோயாளிகளையும் ஒப்பிட்டு, இருசாராரும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமடைந்ததை உலகுக்குக் காட்டியது. குணப்படுத்துவது மருந்து; அதை ஒரு நாளும் தவறவிடலாகாது என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் நோய் வந்தபின் குணப்படுத்துவது வேறு, வராமல் காப்பது வேறு. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. வீட்டிலுள்ள வயதுவந்தோர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, அவற்றோடு நுண்சத்து மாத்திரை: இவ்வளவே அங்கே கொடுத்தது. இது கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் 39 சதவீதம் குறைந்தார்கள். தொற்றைப் பரப்பும் நுரையீரல் காசநோய், கிருமிச் சோதனையில் உறுதியானது, 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளுள்ளும் முதல் 2 மாதங்களில் எடை கூடியவர்களிடம் மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்தபோது எட்டாத பலன், வயிறார உண்ணச் செய்தபோது கிட்டியிருக்கிறது. பசித்த உடலில் குன்றிப்போவது வைட்டமின் டி ஒன்று மட்டுமன்று, கிருமியோடு போராட வேண்டிய அணுக்களின் பலம் முழுவதுமே.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்த ஊட்ட உதவித்தொகையை வரவேற்கிறோம். ஆயினும் அது நோயாளிக்கானது. அவரோடு ஒரே அறையில் உறங்கும் மனைவிக்கும் மக்களுக்கும் உணவுக்கூடை கிடைப்பது பெரும்பாலும் கொடையாளர்களின் மனத்தைப் பொறுத்திருக்கிறது. ரேஷன் கடைகள் ஊர்தோறும் இருக்கையில் இந்நிலை நீடிக்கலாகாது. காசநோய் உறுதியான அன்றே அந்தக் குடும்ப அட்டையில் குறிப்பு ஏறி, சிகிச்சை முடியும்வரை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் கூடுதல் அரிசியும் பருப்பும் உரிமையாகக் கிடைக்கும்படி மத்திய, மாநில அரசுகள் இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே நிதி ஒதுக்க வேண்டும்.