விசுவாமித்திரரின் தமக்கை

விசுவாமித்திரருக்கு ஒரு தமக்கை உண்டு, தெரியுமோ? சத்தியவதி என்று பெயர். ரிசீக முனிவரின் பத்தினியான அவள் பிற்பாடு கௌசிகி என்ற நதியாகப் பெருகினாள் என்று வால்மீகி ராமாயணம் சொல்கிறது. அந்தக் கௌசிகிதான் இன்றைய கோசி. மிதிலைப் பக்கத்து ஜனங்களின் பாட்டிலும் கதையிலுமோ அவள் கல்யாணமாகாத கன்னி! அவள் போக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரியென்று தோன்றுகிறது.

கோசி ஒரு நதியல்ல, ஏழு நதிகள். சுன் கோசி என்றால் பொன், தாமா கோசி என்றால் தாமிரம், எவரெஸ்ட் அடிவாரத்திலிருந்து வரும் தூத் கோசி என்றால் பால். என்ன அழகான பெயர்கள்! இவர்களில் சாமர்த்தியக்காரி அருண். இமயத்துக்கு வடக்கே திபெத்தில் பிறந்து, அத்தனை பெரிய மலையையே அறுத்துக்கொண்டு தெற்கே வந்துவிடுகிறாள். எழுவரும் கூடி, நேபாளத்தில் சத்ரா என்ற இடத்தில் சமவெளிக்கு இறங்குகிறார்கள். இந்த நதிக்குத் தண்ணீர் தரும் பூமி 70,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பெரும் பகுதி திபெத்திலும் நேபாளத்திலும் இருக்கிறது. கஷ்டம் மட்டும் பெரும்பாலும் பீகாருக்கு!

கரைத்த மாவைப் பாத்திரத்திலிருந்து தாம்பாளத்தில் சாய்த்துப் பாருங்கள். விசிறி மாதிரி பரவி, ஓட்டம் குறைந்த இடத்தில் மாவு படிந்துவிடும். மலையில் பாய்ந்து வந்த கோசியும் சமவெளியில் வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணையெல்லாம் கொட்டுகிறாள். படுகை மேடாகிறது. மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்கு நகர்ந்துவிடுகிறாள். முன்பு பூர்ணியா அருகே ஓடியவள், 200 வருஷங்களில் 100 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய்விட்டாள்.

1954-ல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இரு புறமும் கரை எழும்பியது. 56 மதகுகளோடு அணைக்கட்டும் வந்தது. கோசி அடங்கினாள். மண் அடங்கவில்லை. கரைகளுக்குள்ளேயே படிந்து படிந்து, வெளியே இருக்கும் வயல்களைவிட ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது.

2008 ஆகஸ்ட் 18-ந் தேதி குசஹாவில் கரை உடைந்தது. அன்று பெருவெள்ளம்கூட இல்லை. வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் குறைவுதான். 9 லட்சத்துக்கு மேல் தாங்க வேண்டிய ஏற்பாடு அது! கோசி தன் பழைய தடங்களைத் தேடிக் கிழக்கே பாய்ந்தாள். வெள்ளத்தையே அறியாத ஊர்களெல்லாம் மூழ்கின. 30 லட்சம் பேருக்கு மேல் அவதிப்பட்டார்கள். உடைப்பை அடைத்து அவளை மறுபடி கரைகளுக்குள் கொண்டுவர மாதங்கள் பிடித்தன. 2024 செப்டம்பரில் ஆறரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது 56 மதகுகளையும் திறந்தார்கள். அப்போதும் சில இடங்களில் கரை உடைந்தது.

கரைக்கு வெளியே இருப்பவர்கள் கதை இது. இரண்டு கரைகளுக்கும் நடுவிலேயே இன்றும் லட்சக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளம் விருந்தாளி அல்ல, வருஷந்தோறும் வரும் உறவு. மூங்கிலும் கீற்றுமாக வீடு; ஆறு நெருங்கினால் பிரித்து எடுத்துக்கொண்டு, வேறு மேட்டில் மறுபடி கட்டிக்கொள்வார்கள்.