அதிசயம்னு எழுதினவங்களுக்கு

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை சாயங்காலம். திருச்சியில கிளம்பின ஷார்ஜா விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வட்டமடிச்சு, எரிபொருளைக் குறைச்சு, 140 பேருக்கு மேல பத்திரமா இறங்கினாங்க. கீழ ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி எல்லாம் ரெடி. டிவியில நேரலை. "அதிசயம்"னு போஸ்ட் போட்டீங்க.

அதிசயம் இல்லைங்க. போயிங் 737-ல ஹைட்ராலிக் போனாலும் காக்பிட்ல கைப்பிடியை இழுத்தா பூட்டு விடுபடும், சக்கரம் தன் எடையிலேயே இறங்கும். பழுதாகும்னு முன்னாடியே ஒத்துக்கிட்டு செஞ்ச வேலை அது.

அந்த நேரத்துல எங்க மல்லாங்கிணறு பக்கம் தீபாவளி ஆர்டர் சூடா ஓடிட்டு இருந்துச்சு. 2012 முதலிப்பட்டி, 2021 அச்சங்குளம் ஞாபகம் இருக்கா? ஒரு ஷெட்ல இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான்னு இங்கயும் விதி எழுதி வச்சிருக்கு. வெடிச்சா மட்டும் "அவங்க தலைவிதி"ங்கிறோம். (நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே சொல், வசதியாப் போச்சு.)

உடம்புல பாதிக்கு மேல வெந்து வர்றவங்களுக்கு எம்பிபிஎஸ் படிச்ச நான் டிரிப் போட்டு, வலி குறைச்சு, மதுரைக்கு அனுப்பலாம். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதெல்லாம் ஷெட்டுக்குள்ள இருக்கு. அதைச் சோதிக்க ஆள் வந்தாங்களான்னு கேளுங்க. தீபாவளிக்கு முன்னாடியே கேளுங்க.