கட்டைவிரலுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்

போன மாதம் ஒரு நகைக்கடைக்காரர் வீடு தேடி வந்தார். கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்துவிட்டதாம். "ஏட்டையா, எதை வாங்கட்டும்? சேஃப்டி இல்லாததுதான் நல்லதுன்னு வீடியோவுல ஒரு அமெரிக்காக்காரர் சொல்றாரு. ஆபத்து நேரத்துல சேஃப்டியைத் தட்ட மறந்து செத்தவங்க இருக்காங்களாமே" என்றார். மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டுவதே என் பிழைப்பாக இருந்தது. நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. உரிமம் வாங்கும் வேறு பலருக்கும் இதே சந்தேகம் இருக்கும் என்பதால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

அந்த அமெரிக்காக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் ஊருக்கு அது பொருந்தும். அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். காலையில் சட்டை மாட்டும்போதே துப்பாக்கியையும் இடுப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏராளம். அவர்களில் அக்கறையுள்ளவர்கள் நல்ல உறை வாங்குகிறார்கள், காசு கொடுத்துப் பயிற்சிக்குப் போகிறார்கள், வாரக் கடைசியில் சுட்டுப் பழகுகிறார்கள். அப்படிப்பட்டவருக்கு "உன் விரல்தான் சேஃப்டி" என்று சொன்னால் அர்த்தம் உண்டு.

இந்தப் பேச்சுக்கு வழி திறந்தது கிளாக் பிஸ்டல். 1982ல் ஆஸ்திரிய ராணுவம் காஸ்டன் கிளாக் செய்த பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளிலேயே அது அமெரிக்கப் போலீஸ் இடுப்புகளில் ஏறியது. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் சேஃப்டி லீவர் அதில் கிடையாது. டிரிக்கரின் நடுவே ஒரு சின்ன நாக்கு, உள்ளே சுடும் ஊசியை மறிக்கும் ஒரு தடை, கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க இன்னொன்று என மூன்று தடுப்புகள் உண்டு. டிரிக்கரை அழுத்தினால் மூன்றும் தாமாக விலகும், விட்டால் தாமாகத் திரும்பும். ஆர்மரர் கண்ணோடு பார்த்தால் அருமையான வேலை. ஆனால் டிரிக்கரை அழுத்துவது விரலா, சட்டை நுனியா, குழந்தையின் கையா என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. நியூயார்க் போலீஸுக்கே இந்தப் பயம் இருந்தது. வழக்கமாக ஐந்தரை பவுண்டு இருக்கும் டிரிக்கரைக் காவலர்களின் கிளாக்கில் 12 பவுண்டு கனமாக்கினார்கள். லீவர் வைப்பதற்குப் பதிலாக விரல்மேல் சுமையை ஏற்றினார்கள். அந்தக் கனத்தால் குறி தவறுகிறது என்று பிறகு அங்கே பல வருஷம் சண்டை நடந்தது வேறு கதை.

கட்டைவிரல் சேஃப்டியைக் கேட்டு வாங்கியதே சண்டைக்காரர்கள்தான். ஜான் பிரௌனிங் அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைத்த .45 பிஸ்டலின் 1910ஆம் ஆண்டு மாதிரியில் அது கிடையாது. குதிரைப்படை கேட்டது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் ஹேமர் ஏறிச் சுடத் தயாரான பிஸ்டல், கீழே துள்ளும் குதிரை. அந்த நேரத்தில் பிஸ்டலை ஒரே கையால் பத்திரப்படுத்தி உறைக்குள் திரும்ப வைக்க வேண்டும். அதற்காகச் சேர்த்ததுதான் 1911 மாடலில் இன்றைக்கும் இருக்கும் அந்த லீவர். துப்பாக்கியை வெளியே எடுப்பதைவிட உள்ளே வைப்பதுதான் ஆபத்தான நேரம் என்பதை அந்தக் குதிரைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். வீடியோவில் வருகிறவர்கள் எடுப்பதைத்தான் ஓயாமல் காட்டுகிறார்கள். நொடிக்கணக்கு பேசுகிறார்கள். உள்ளே வைக்கும்போது சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ டிரிக்கர் வளையத்துக்குள் சிக்கி, தொடையிலும் இடுப்பிலும் குண்டு வாங்கியவர்கள் அதே அமெரிக்காவில் எத்தனையோ பேர்.

பிளாக்ஸிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் கதை உலகம் அறிந்தது. 2008 நவம்பரில் நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றுக்கு, உறை இல்லாமல் கால்சட்டை இடுப்பில் கிளாக்கைச் செருகிக்கொண்டு போனார். பிஸ்டல் சரிந்து காலுக்குள் இறங்கியது. பிடிக்கப் போனதில் வெடித்துத் தொடையில் பாய்ந்தது. நியூயார்க் உரிமம் இல்லாததால் சிறைக்கும் போனார். உறை இல்லாதது முதல் தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சேஃப்டி போட்ட பிஸ்டலாக இருந்திருந்தால் அது சரிந்த பிறகும் அவர் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

நம்மூர் நிலவரத்துக்கு வருகிறேன். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சோதித்து வாங்க எங்களைக் கூப்பிடுவார்கள். மஞ்சப்பையில் வரும், துண்டில் சுற்றி வரும், இனிப்புக் கடை அட்டை டப்பாவில்கூட வரும். "லோடு எடுத்துட்டீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் அப்பவே" என்று சொல்லிக்கொண்டே குழலை என் வயிற்றுக்கு நேராக நீட்டுவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ரவுண்டு உட்கார்ந்திருக்கும். "சேஃப்டி எங்கே இருக்கு?" என்று கேட்டால் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பித் தேடுவார்கள். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. தோப்பும் மில்லும் கடையும் நடத்திச் சம்பாதித்தவர்கள். துப்பாக்கி அவர்களுக்குப் பீரோவில் இருக்கும் பொருள். வருஷத்தில் சில தடவை வெளியே வரும், துடைக்கப்படும், திரும்ப உள்ளே போகும். சுடுவதற்கென்று எடுக்கும் நாள் ஆயுசில் ஒருமுறைகூட வராமல் போகலாம், வராமல் போகட்டும். அப்படியானால் அந்தத் துப்பாக்கியை எந்த நேரத்தை மனதில் வைத்து வாங்க வேண்டும்? வராத சண்டையின் அரை நொடியையா, நூறு தடவை எடுத்து வைக்கும் பீரோவையா?

மும்பையில் 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். நடிகர் கோவிந்தா விடிகாலையில் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது வெடித்து முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்ந்தது. நல்லவேளையாகப் பிழைத்து எழுந்தார். ரிவால்வர்களில் பொதுவாகக் கட்டைவிரல் சேஃப்டி இருப்பதில்லை. டிரிக்கரை நீளமாக, கனமாக இழுக்க வேண்டும் என்பதுதான் அதன் காவல். புதிய ரிவால்வர்களில் ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவே மறிக்கும் கட்டை ஒன்று உண்டு. மிகப் பழையவற்றில் அதுவும் இருக்காது, இருந்தாலும் தேய்ந்திருக்கும். ஹேமருக்கு நேரே தோட்டா இருக்கும்போது ஹேமர் தரையில் அடிபட்டால் வெடிக்கும். 1873ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரை வைத்திருந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பி, ஹேமருக்கு நேரே காலி அறையை விட்டார்கள். தாத்தா காலத்து ரிவால்வரை வைத்திருக்கும் ஐயாமார்கள் இந்த வழக்கத்தைத் தயவுசெய்து கைக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 9 எம்.எம். எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். கிடைப்பது பெரும்பாலும் .32தான். அதில் ரிவால்வரும் உண்டு, பிஸ்டலும் உண்டு. பிஸ்டல் வாங்குகிறவர் சேஃப்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்பது என் தீர்மானமான யோசனை. ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லா சேஃப்டியும் ஒரே பக்கமாக வேலை செய்வதில்லை. 1911லும், நம் போலீஸிடம் இருக்கும் இஷாப்பூர் 9 எம்.எம். பிஸ்டலிலும் லீவரைக் கீழே தட்டினால் சுடத் தயார். வால்தர் பிபியிலும் பெரெட்டா 92FSலும் மேலே தள்ளினால்தான் சுடத் தயார். கீழே இருந்தால் பூட்டு. ரஷ்ய மகரோவில் லீவர் இருப்பது வால்தர் போலவே மேல்பாகத்தில், ஆனால் திசை நேரெதிர். இடதுகைக்காரருக்கு லீவர் எட்டாத பக்கத்தில் இருக்கும் பிஸ்டல்களும் உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று என்று எதிரெதிர்த் திசையில் இரண்டு வைத்திருப்பவர் ஒன்றை விற்றுவிடுவது மேல்.

சேஃப்டியைத் தட்ட மறந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானதே. பழகாதவர் மறப்பார். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர் பிரேக்கைத் தேடுவதில்லை. கை தானாகப் போகிறது. உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் லீவரைத் தட்டிப் பழகினால் அதுவும் எடுப்பதன் ஒரு பகுதியாகிவிடும், தனி நேரம் பிடிக்காது. காலித் துப்பாக்கியோடு வீட்டுச் சுவரைப் பார்த்து தினம் கொஞ்ச நேரம் செய்தாலே வந்துவிடும். இதற்குக்கூட நேரமில்லை என்கிறவர் சேஃப்டி இல்லாத துப்பாக்கிக்குத்தான் முதலில் தகுதியில்லாதவர். ஏனென்றால் விரலை டிரிக்கருக்கு வெளியே வைத்திருப்பதும் பழகி வருவதுதானே.

இன்னொரு நன்மையும் உண்டு. துப்பாக்கியை ஒருவன் பிடுங்கிவிட்டால்? 1967ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் போலீஸ் ரிவால்வரை விட்டு, சேஃப்டி வைத்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 39 பிஸ்டலுக்கு மாறியது. பிடுங்கியவன் லீவர் புரியாமல் டிரிக்கரை மட்டும் இழுத்துக்கொண்டிருக்க, காவலர் உயிர் தப்பிய சம்பவங்களை மசாத் அயூப் போன்ற பயிற்சியாளர்கள் பல வருஷமாக எழுதி வருகிறார்கள். துப்பாக்கிப் பறிப்புக்குப் பயந்து காவலர்கள் ரைஃபிளைச் சங்கிலியால் பெல்ட்டோடு கட்டிக்கொள்ளும் நாடு இது. அந்தச் சில நொடிகளின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிலர், "நாங்கள்தான் சேம்பரில் தோட்டா ஏற்றாமலே வைக்கிறோமே, சேஃப்டி எதற்கு?" என்பார்கள். படையிலும் அதுதான் வழக்கம். ஹேமர் ஏறி, சேஃப்டி போட்ட பிஸ்டல் இடுப்பில் இருந்தால் பார்க்கும் அதிகாரிக்கே வியர்த்துவிடும். காலிச் சேம்பர் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுட வேண்டிய நேரத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் மனைவியையோ பேரனையோ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தால் அந்த வசதி இல்லை. இழுத்து ஏற்றி, சுடாமலே ஆபத்து விலகிவிட்டால் அப்போது கையில் இருப்பது உயிருள்ள துப்பாக்கி. படபடக்கும் கையோடு அதை இறக்கும் அந்த நேரத்தில்தான் சேஃப்டி தேவைப்படும்.

சேஃப்டி பீரோப் பூட்டுக்கு மாற்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு வால்மார்ட் கடையில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டு எடுத்த பிஸ்டல் வெடித்து அந்தத் தாயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த பை அது. உடம்பை விட்டுப் பைக்குப் போன துப்பாக்கி குழந்தைக்கு எட்டும் துப்பாக்கி. இங்கே 2014ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று விளம்பரம் செய்து, கைப்பைக்கு ஏற்ற அரைக் கிலோ ரிவால்வரை 1.22 லட்சம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நிர்பீக் என்று பெயர். எடை குறைத்ததைப் பெருமையாகச் சொன்னார்கள். பையைத் துழாவும் பிள்ளையை யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்று எனக்கு அப்போதே கேட்கத் தோன்றியது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். நல்ல விதி. அந்தச் சான்றிதழில் கையெழுத்திடும் பயிற்சியாளர்களுக்கும், அதை வாங்கிப் பார்க்கும் கலெக்டர், கமிஷனர் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விண்ணப்பிக்கிறவர் எந்த வகைத் துப்பாக்கி வாங்கப் போகிறாரோ அதே வகையை அவர் கையில் கொடுங்கள். லோடு எடுக்கச் சொல்லுங்கள், சேஃப்டியைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், உறைக்குள் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கண்ணால் தேடாமல் செய்கிறாரா என்று பாருங்கள். செய்யத் தெரியாதவருக்குத் தெரியும்வரை சான்றிதழ் தராதீர்கள்.