யாருடைய போருக்கு யாருடைய பிள்ளை?



பூந்தமல்லி சிறப்பு நீதிமன்ற வாசலில் என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? மகனின் முகத்தை ஒரு நிமிடம் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த தாய்மார்கள் அங்கே காத்து நிற்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கும் தம்பிக்கும், ஆவடியில் கடை வைத்திருக்கும் பாய்க்கும் அந்த வாசல் தூரமில்லை. சிரியாவைப் பற்றிப் பேசும்போதும் அந்த வாசல்தான் நம் நினைவுக்கு வருகிறது.

2011 மார்ச்சில் தர்ஆ நகர மக்கள் அசாத்தின் கொடுங்கோன்மைக்கு எதிராக எழுந்தார்கள். நியாயமான எழுச்சி! அரசு துப்பாக்கியால் பதில் சொன்னது. உள்நாட்டுப் போர் மூண்டது. உதவப் போகிறோம் என்று அயல்நாட்டு இளைஞர்கள் புறப்பட்டார்கள். 2015 இறுதிக்குள் 86 நாடுகளிலிருந்து 27,000 முதல் 31,000 பேர் வரை சிரியாவுக்கும் ஈராக்குக்கும் போனதாக சூஃபான் ஆய்வுக்குழு கணக்கிட்டது. செச்னியர்களுக்கு ஒரு குழு, மொராக்கோக்காரர்களுக்கு ஒரு குழு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமீர், ஒரு கொடி!

விளைந்தது என்ன? 2013இல் உமர் ஷிஷானி தலைமையில் உருவான 'முஹாஜிர், அன்சார் படை' அந்த ஆண்டு முடிவதற்குள் பிளந்தது. அவர் ஒரு பகுதியினரோடு ஐ.எஸ்.ஸில் சேர்ந்தார், மற்றவர்கள் மறுத்தார்கள். 2014 ஜனவரியில் போராளிக் குழுக்களுக்கும் ஐ.எஸ்.ஸுக்கும் மூண்ட சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கொன்றவனும் தக்பீர் சொன்னான், கொல்லப்பட்டவனும் தக்பீர் சொன்னான்! யாருக்காகப் போனார்களோ அந்த சிரிய மக்கள் நடுவில் சிக்கித் தவித்தார்கள்.

"2024 டிசம்பர் 8இல் அசாத் வீழ்ந்தாரே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அயல்நாட்டுப் போராளிகள் சிலர் புதிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் 2021இல், செச்னியரான முஸ்லிம் ஷிஷானியின் சிறு குழுவை இத்லிபை விட்டு வெளியேறச் சொன்னது யார்? அசாத் அல்ல, அங்கே ஆண்ட போராளி அமைப்புதான்! 2019இல் அல்ஹோல் முகாமில் அடைபட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். அவர்களுக்கு எந்த அமீர் பதில் சொன்னார்?

இது நம் வீட்டையும் தொட்ட விஷயம். 2014இல் தமிழகத்தில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற ஒருவர், மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சிரியா போனதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் மும்பை அருகே கல்யாணிலிருந்து நான்கு இளைஞர்கள் ஈராக் போனார்கள். நவம்பரில் திரும்பி வந்து கைதான ஒருவருக்கு மும்பை உயர்நீதிமன்றம் ஜாமீனை உறுதி செய்தது 2021இல்! அதே 2014இல் தொண்டியில் இளைஞர்கள் ஐ.எஸ். பனியன் அணிந்து எடுத்த ஒரு புகைப்படம் கைது வரை போனது.

தம்பி! உ.பா. சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கலாம். ஜாமீன் குதிரைக் கொம்பு. இந்தச் சட்டம் அப்பாவிகள் மீது பாயும்போது நாம் எதிர்த்துக் குரல் கொடுக்கிறோம், கொடுப்போம். ஆனால் ஒருவன் நிஜமாகவே புறப்பட்டுப் போனால், அந்த அப்பாவிகளுக்காகப் பேசும் வாயையும் அவன் அடைத்துவிடுகிறான். அடுத்த நாள் வாடகைக்கு வீடு கேட்கும் நம் சகோதரனுக்குக் கதவு சாத்தப்படுகிறது.

போருக்கு வர அனுமதி கேட்டவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யத் திருப்பி அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். உன் வாப்பாவும் உம்மாவும் இருக்கிறார்களா, தம்பி?

வணிகப் பெருமக்களே! துயருறும் மக்களுக்கு உதவுங்கள். ரசீதும் கணக்கும் உள்ள வழியில் உதவுங்கள். பெயர் தெரியாத கையில் ஒரு ரூபாயும் தராதீர்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் இரவெல்லாம் யாருடைய பேச்சைக் கேட்கிறான் என்று பரிவோடு விசாரியுங்கள். ஜமாஅத்தார் அவனை அருகில் அமர்த்திப் பேசட்டும். அவன் கோபத்தில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளட்டும். நாம் பேசாவிட்டால், முகம் தெரியாத எவனோ பேசுவான்!