ரஸ்ஸல் குரோ ராசியா?

2007 ரக்பி லீக் சீசனில் சவுத் சிட்னி ராபிட்டோஸ் முதல் மூணு மேட்சையும் ஜெயித்தது. 'எல்லாம் புது ஓனர் ராசி' என்று சொல்லத் தோணும். ஓனர், நம்ம கிளாடியேட்டர் ரஸ்ஸல் குரோ! அவரும் ஒரு கூட்டாளியும் 2006-ல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு 75 சதவீதம் வாங்கினார்கள். ஆனா அந்த வருஷமே டீம் கடைசி இடமுங்க. ராசி எங்கே போச்சு? கோப்பை வந்தது 2014-ல்தான், 43 வருஷம் கழித்து.

எனக்குப் பிடிச்சது வேற. விற்கலாமா என்று உறுப்பினர்களிடமே ஓட்டு கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் சம்மதிக்கணும், மயிரிழையில் தாண்டியது. மீதி 25 சதவீதம் இன்றும் அவர்களிடம்தான். 2000, 2001 சீசன்களில் லீக்கை விட்டே தள்ளியபோது தெருவில் இறங்கி, கோர்ட் ஏறி, 2002-ல் டீமைத் திரும்பக் கொண்டுவந்தவர்களாச்சே!

ஐபிஎல் டீம் கைமாறினால் நம்மிடம் யார் கேட்கிறார்கள்? டிக்கெட் காசைத் தவிர.