ஓரம் எங்கே இருக்கிறது?

புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாகிவிட்டது. பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. கீழராஜவீதியில் நடக்கிறவன் மட்டும் இன்னமும் சாக்கடை மூடிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறான். கடைகளின் படிக்கட்டு தெருவுக்கு இறங்கிவிட்டது. படிக்கு முன்னால் வண்டிகள், வண்டிக்கு முன்னால் விளம்பரப் பலகை. மிச்சமிருப்பதில் பஸ் வருகிறது.

‘டிராபிக் பிரச்சினைக்கெல்லாம் தலித் பத்திரிகையில தலையங்கமா?’ என்று ஒரு நண்பர் சிரித்தார். அவருக்கான பதில்தான் இது.

இதை எழுதுகிறவன் வங்கிக் குமாஸ்தா. உதவித்தொகை எடுக்க மாதாமாதம் ஒரு பெரியவர் எங்கள் கவுண்டருக்கு வருவார். கையில் மஞ்சப்பை. ஒருநாள் பையிலிருந்து பாஸ்புக்கோடு செருப்பு வாரின் தூசியும் வந்தது. ‘ஏன் தாத்தா, செருப்பப் போயி பையில வச்சிருந்தீங்களா?’ என்றேன். ‘ஊருத் தெருவத் தாண்டுற வரைக்கும் பையிலதாம்ப்பா. டவுன்ல எறங்குனாத்தான் கால்ல. பழகிப்போச்சு’ என்றார்.

அடுத்த முறை வந்தபோது முழங்காலில் கட்டு. ஒரு டூவீலர் இடித்துத் தள்ளியிருக்கிறது. இடித்தவன் நின்று திட்டியும் இருக்கிறான்: ‘ஓரமாப் போகத் தெரியாதா?’ பெரியவர் என்னிடம் கேட்டார்: ‘ஓரம் எங்கப்பா இருக்கு?’

தோழர்களே, ‘ஓரமாப் போ’ என்பது நமக்குப் புது வார்த்தை இல்லை. தலைமுறை தலைமுறையாக ஊர்த்தெரு நமக்கு இட்ட கட்டளை அது. 1924இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்துதான், பொதுத்தெருவும் பொதுக்கிணறும் தாழ்த்தப்பட்டவர்க்கும் உண்டு என்று மாகாண அரசு ஆணை போட்டது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். மாகாணத்தின் ஆணை சமஸ்தானத்து எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ராஜாவின் ஊர்வலத்துக்கும் சாமியின் தேருக்கும் அகலமாக இழுக்கப்பட்ட ராஜவீதிகள், அதைக் கூட்டிப் பெருக்கியவர்களை எப்படி நடத்தியிருக்கும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950இல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15(2)ஆம் பிரிவு கடை, உணவுவிடுதி, கிணறு, குளம் இவற்றோடு ‘சாலை’ என்ற சொல்லையும் எழுதி வைத்தது. அப்படியும் தீரவில்லை. பொது இடத்தில் செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் வன்கொடுமை என்று 2015இல் சட்டத்தைத் திருத்தித் தனியே எழுத வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்ததை விசாரிக்கப் போன அதிகாரிகள் முன்னால் இரட்டைக் குவளையும் மூடிய அய்யனார் கோயில் கதவும் அம்பலமாயின. இதே மாவட்டம்தான்.

இந்த ஊர்களிலிருந்து தப்பித்து வருகிறவர்களுக்கு டவுன் என்பது என்ன? பெயர் தெரியாத கூட்டத்தில் ஒருவனாக, கால்ல செருப்போடு, தோளில் துண்டோடு நடக்கிற இடம். கிராமத்தை அம்பேத்கர் ஏன் வெறுத்தார், நகரத்தை ஏன் நம்பினார் என்பதைப் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் செருப்பை எடுத்துப் போடுகிற அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். அந்த நடையைத்தான் இப்போது படிக்கட்டும் பார்க்கிங்கும் தின்கின்றன. வண்டி வாங்க முடிந்தவனுக்குத் தெரு, முடியாதவனுக்கு ஓரம். ஓரமும் இப்போது இல்லை. சாதி கேட்காமலேயே சாதியின் வேலை நடந்துவிடுகிறது.

‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று ஜேசிபி வரும்போது இது இன்னும் வெளிச்சமாகும். முதலில் தூக்கி எறியப்படுவது கீரைக்கூடை, பூக்கூடை, செருப்புத் தைக்கிறவரின் சாக்கு. ஷோரூம் படிக்கட்டு சிமெண்ட்டாக அங்கேயே இருக்கும். நடக்கிறவனையும் கூடைக்காரியையும் எதிரிகளாக நிறுத்துவது ஒரு சூது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், தாழ்த்தப்பட்டோருக்கும் உரிய இடம் என்கிறது. நம்மூர்க் குழுவில் நம் ஆட்கள் யார் யார்? கேட்டிருக்கிறோமா? 2025 மே மாதம் உச்சநீதிமன்றம், தடையற்ற நடைபாதை 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஊனமுற்றோருக்கும் ஏற்றதாக அது இருக்க வேண்டும் என்றது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. பாதை எங்கே?

இந்த மண்ணுக்குத் தெருவைப் பிடித்த வரலாறும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல்குவாரியில் கல்லுடைத்த பெண்களும் வயலில் கூலிக்குப் போன பெண்களும், லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆம்பளை சைக்கிளின் பாரிலேயே பிள்ளையை உட்காரவைத்து ஓட்டினார்கள். கேலி பேசினார்கள், காது கொடுக்கவில்லை. ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்தைப் பதிவுசெய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுத்தை விட முதலில் அவர்கள் கேட்டது தெருவைத்தான். இன்று அவர்களின் பேத்திகள் ராஜவீதியில் சைக்கிள் ஓட்டிப் போக முடிகிறதா?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு புதிய பேருந்து நிலையத்திலிருந்து பிருந்தாவனம், கீழராஜவீதி, திலகர் திடல் என்று நடந்து போங்கள். எங்கே நடைபாதை இருக்கிறது, எத்தனை அடி, எந்தப் படிக்கட்டு அதை மறிக்கிறது, பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, கிழவர் உட்கார நிழல் எங்கே, எல்லாவற்றையும் எழுதுங்கள். விடியுமுன் அந்தத் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்களிடம் பேசுங்கள், அவர்களை விடத் தெருவை அறிந்தவர் இல்லை. கூடைக்காரம்மாக்களையும் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கோடு மாநகராட்சிக்குப் போவோம். மனு கொடுக்க அல்ல, கணக்கு கேட்க.

அடுத்த மாதமும் அந்தப் பெரியவர் வருவார். டவுனில் அவர் நடக்க ஓர் இடம் வேண்டும். அவருடைய ஊர்த்தெருவிலும் செருப்பு பையில் அல்ல, காலில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம்தான்.