மேலே இருப்பவன் மண்டைக்குள்ளே

"மேல இருக்கிறவனப் பாத்து வாள நீட்டுறா பாருங்க தோழர், அங்க நிக்கிறா!" 2019இல் வந்த 'அலிட்டா: பேட்டில் ஏஞ்சல்' படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு மாணவத் தோழர் இப்படித்தான் சொன்னார். அந்த இடத்தில் நானும் கை தட்டினவன்தான். பிறகு மூலப் படக்கதையைப் படித்தேன். தட்டின கை கூசியது.

படக்கதையின் பெயர் 'கன்மு'. துப்பாக்கிக் கனவு என்று பொருள். யுகிட்டோ கிஷிரோ என்பவர் ஜப்பானில் 'பிசினஸ் ஜம்ப்' இதழில் 1990 முதல் 1995 வரை வரைந்து எழுதியது, ஒன்பது தொகுதிகள். வானத்தில் தொங்கும் ஒரு நகரம், ஸாலெம். அதன் கழிவெல்லாம் கீழே கொட்டிக் கொட்டி மலையாகிறது. அந்தக் குப்பையைச் சுற்றி எழுந்ததுதான் கீழ்நகரம். நம்ம பாஷையில் சொன்னால் காயலாங்கடை ஊர். ஆலைகள் கீழே. அவற்றில் செய்யும் பொருள் குழாய் வழியாக மேலே போகும். மேலேயிருந்து கீழே வருவது குப்பை மட்டும். இடோ என்ற வைத்தியர் அந்தக் குப்பையில் ஒரு இயந்திரப் பெண்ணின் தலையும் மார்பும் கிடப்பதைக் கண்டெடுத்து, செத்துப்போன தன் பூனையின் பெயரை வைக்கிறார், கல்லி என்று. ஹாலிவுட் படத்தில் பூனை போய், இறந்துபோன மகளின் பெயராகிவிட்டது. குப்பையில் கிடந்தவளுக்குப் பூனைப் பெயர் போதாதாம், கண்ணீர் வேணும்!

இந்த ஊரில் போலீசு கிடையாது. ஆலை ஒரு தலைக்கு விலை வைக்கும். கீழே இருப்பவனே கீழே இருக்கிறவன் தலையை வெட்டி எடுத்துப்போய்க் கூலி வாங்குவான். அவனுக்கு வேட்டைவீரன் என்று பட்டம் வேறு. மேலே இருப்பவன் கையில் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டாது. அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று தடித்தடியான புத்தகங்கள் சொல்வதை கிஷிரோ நாலு பக்கப் படத்தில் சொல்லிவிடுகிறார்.

கதையின் உயிர் யூகோ என்ற பையன். எப்படியாவது ஸாலெம் போய்ச் சேரணும் என்பதுதான் அவன் வெறி. ஒரு கோடி காசு கொண்டா, அனுப்பி வைக்கிறேன் என்கிறான் வெக்டர் என்கிற தரகன். அதற்காகப் பையன் என்ன செய்கிறான்? இருட்டில் தன் ஊர்க்காரர்களையே மடக்கி, இயந்திர உடம்பிலிருந்து முதுகுத்தண்டை உருவி விற்கிறான். கடைசியில், ஸாலெமிலேயே பிறந்த இடோ வாய்திறந்து சொல்கிறார்: கீழே பிறந்தவன் மேலே போக வழியே கிடையாது. அதற்குப் பிறகும் அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறான். முள்வளையம் இறங்கி வந்து வெட்டித் தள்ளுகிறது. விழுகிறான்.

1993இல் ஜப்பானில் வந்த அசைவுப்படம் இரண்டே பாகம். இரண்டாவது முழுக்க யூகோவுக்குத்தான். அதில் ஷிரென் என்ற பாத்திரத்தைப் புதிதாகச் சேர்த்தார்கள். மேலேயிருந்து வந்தவள், திரும்ப மேலே போகத் துடிப்பவள். அவளை வெக்டர் கடைசியில் அனுப்பித்தான் வைக்கிறான், உறுப்பு உறுப்பாக, பாட்டிலில். படக்கதையில் இல்லாத இந்த ஒரு இடம் படக்கதைக்கே பொருந்துகிறது. ஹாலிவுட்டும் இதை விடாமல் எடுத்துக்கொண்டது, அதற்கு நன்றி.

ஆனால் ராபர்ட் ரொட்ரிகெஸும் ஜேம்ஸ் கேமரூனும் வேறொன்றையும் சேர்த்தார்கள். மோட்டார்பால் பந்தயத்தில் இறுதி வீரனாக ஜெயித்தால் ஸாலெம் போகலாமாம். இதுதான் எனக்கு ஆகவில்லை. படக்கதையில் கல்லி பந்தயத்துக்குப் போவது யூகோ செத்த துக்கத்தை மறக்க. ஏணி ஏறுவதற்கு இல்லை. படத்தில் அது திறமைக்கு வைத்த வாசலாகிவிட்டது. வெக்டர் விற்ற அதே டிக்கெட்டை இப்போ டைரக்டர் விற்கிறார்.

கல்லி ஒன்றும் புனிதவதி இல்லை என்பதையும் படம் சொல்லவில்லை, அந்த இடம் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. படக்கதையில் பிற்பாடு அவள் ஸாலெமுக்கே உளவுக்காரியாகிறாள். டென் என்பவன் தலைமையில் ஸாலெமை எதிர்த்துக் கிளம்பிய பார்ஜாக் கலகக்காரர்களோடு மோதுகிறாள். படிக்கும்போது வயிறு எரிகிறது. எரியட்டும். ஒடுக்கப்பட்டவள் என்பதால் கதாசிரியர் அவளுக்குச் சலுகை காட்டவில்லை.

அப்புறம்தான் அந்த ரகசியம் வருகிறது. ஸாலெம் மக்கள் வயதுக்கு வந்ததும் ஒரு சடங்கு. அதில் அவர்கள் மூளையை எடுத்துவிட்டு ஒரு சில்லை வைத்துவிடுகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். நெற்றியில் குறி போட்டுக்கொண்டு, கீழே இருப்பவனைக் குப்பை என்று நினைக்கிறவன் மண்டையில் இருப்பது யாரோ செருகிய துண்டு. கீழே உடம்பெல்லாம் இரும்பு, மூளை மட்டும் சொந்தம். மேலே உடம்பெல்லாம் சொந்தம், மூளை மட்டும் இல்லை. நல்ல மனுசன் இடோவுக்குக்கூட இதைத் தாங்க முடியவில்லை. தெரிந்துகொண்டதும் தன் நினைவையே அழித்துக்கொள்கிறார். மேலிருந்து வந்த நல்லவர்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக நான் எங்கும் படித்ததில்லை.

இதில் சாதி எங்கே என்று கேட்பீர்கள். கதையில் அந்தப் பேச்சு இல்லை, இருப்பது பிறந்த இடம். ஆனால் ஜப்பானில் பிறந்த இடம் சும்மா விஷயமில்லை. புராக்கு மக்கள் மீதான இழிவை 1871இல் அரசாணை நீக்கியது. 1922இல் அவர்களே சுயிஹெய்ஷா என்ற அமைப்பைக் கட்டினார்கள். அதற்கும் பிறகு, 1975இல், புராக்கு ஊர்களின் பெயர்ப்பட்டியலைப் புத்தகமாக அச்சடித்துக் கம்பெனிகளுக்கு ரகசியமாக விற்றது அம்பலமானது. வேலைக்கு வருகிறவன் எந்த ஊர் என்று பார்த்துக் கழிக்கத்தான்.

இன்னொன்று. 2010இல் மறுபதிப்புக்காக, சில சொற்கள் தகாதவை என்று மாற்றச் சொன்னது ஷூயிஷா பதிப்பகம். கிஷிரோ ஒத்துக்கொள்ளவில்லை. தொடர்ச்சியான 'லாஸ்ட் ஆர்டர்' தொடரை எடுத்துக்கொண்டு 2011இல் கோடான்ஷாவுக்குப் போய்விட்டார். சொல் புண்படுத்தும் என்பதை மறுக்கமாட்டேன், அது நமக்குத் தெரியாததா? ஆனால் தலைக்கு விலை வைக்கிற பக்கம் அப்படியே இருக்கலாம், முதுகுத்தண்டை உருவுகிற பக்கம் இருக்கலாம், சொல் மட்டும் சுத்தமாக இருக்கணும் என்றால் அந்தச் சுத்தம் யாருக்கு?

வாளைத் தூக்கிய காட்சிக்கே திரும்ப வருகிறேன். 1995இல் முடித்தபோது கிஷிரோ வைத்த முடிவு வேறு. ஸாலெம் இடிந்து விழப் போகிறது. விழுந்தால் யார் தலையில் விழும்? காயலாங்கடை ஊர்க்காரன் தலையில். கல்லி தன் உடம்பையே கொடுத்து அந்த நகரத்தை விழாமல் தாங்கிப் பிடிக்கிறாள். இதைச் சொன்னதும் மாணவத் தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ அது மேலயேதான் தொங்கணுமா?" என்றார். ஒன்பது தொகுதியையும் அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.